அசையாத எண்

கனிபாவுக்கு எப்போதும் குளிரும். ஊருக்கெல்லாம் குளிர்காலம் அக்டோபரில் பிறந்தால் அவருக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே பிறந்துவிடும். வெந்நீரைக் குழாய் வழியாக அனுப்பி ஊர் வீடுகளைச் சூடாக்கும் தெமிர்கோல் பாய்லர் நிலையத்தில் மகள் ரைஹானுக்கு வேலை கிடைத்ததிலிருந்து, ஊரில் அடிக்கிற குளிர் முழுவதற்கும் மகள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். காலையில் ஒரு போன் வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று வரும்.

"ரேடியேட்டரு வெதுவெதுன்னுதான் இருக்கு. என்னத்தைடி எரிக்கிறீங்க அங்க? நிலக்கரியா, பழைய பேப்பரா?"

"நிலக்கரிதாம்மா."

"அப்ப அந்தச் சூடெல்லாம் பக்கத்து ஊருக்குப் போகுது போல."

ரைஹான் சிரித்துவிட்டுப் போனை வைப்பாள். சில நாள் சிரிக்காமலும் வைப்பாள்.

கனிபாவைச் சும்மா முனகுகிற கிழவி என்று நினைத்துவிடக் கூடாது. தொண்ணூறுகளில் எங்கள் ஊர் வீடுகளின் ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் வருவது நின்றுபோனது. ரஷ்யாவும் நாங்களும் சேர்ந்திருந்த பெரிய நாடு உடைந்து, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, பாய்லருக்குக் கரி வாங்கக்கூட நாதியில்லாத காலம் அது. அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே தகர அடுப்பை வைத்து, புகைக்குழாயைச் சன்னல் வழியாக வெளியே நீட்டி, கையில் கிடைத்ததையெல்லாம் எரித்தார்கள். கனிபா முதலில் அலமாரியை எரித்தார். பிறகு தரைப்பலகையைப் பெயர்த்து எரித்தார். அதே குளிர்காலத்தில் கணவரை நிமோனியாவுக்குப் பறிகொடுத்தார். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் எத்தனை சூடு வந்தாலும் அவருக்குப் போதவில்லை.

ரைஹான் கராகந்தியில் பாலிடெக்னிக் படித்தவள். படித்து முடித்து வேலைக்குப் போன ஆலை, அவள் உட்காரும் நாற்காலி சூடாவதற்குள் மூடிவிட்டது. பிறகு பஜாரில் பல வருடம் சீனக் காலுறை விற்றாள். கால்கடுக்க நின்று நின்று முட்டி போனது, கத்திக் கத்திக் குரல் போனது, டிப்ளமாவை எங்கே வைத்தோம் என்பதும் மறந்துபோனது. அந்த நேரத்தில்தான் பாய்லர் நிலையத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் பஜாரில் கிடைத்ததைவிடக் குறைவு. அவள் யோசிக்கவே இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை இதுதான். ஊரில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பம்ப் அறை உண்டு. அதில் உள்ள இரும்புப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவி, குழாயில் ஓடும் தண்ணீரின் சூட்டை அளந்தபடி இருக்கும். எல்லாப் பெட்டிகளையும் மண்ணுக்கடியில் ஓடும் ஒரே ஜோடிக் கம்பியில் கோத்திருந்தார்கள். அந்தக் கம்பி நிலையத்துக் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையான சீரியல் போர்ட்டில் வந்து முடிந்தது. ரைஹான் வரும்வரை பெட்டிகள் தம் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டிருந்தன. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் கம்பியில் வருவது வெறும் குப்பைதான். கம்ப்யூட்டருக்கோ எதையும் கேட்கத் தெரியாது, வருவதை வாங்கிக் கொட்டிக்கொள்ள மட்டும்தான் தெரியும்.

அவள் அதை ஒரு வகுப்பறையாக மாற்றினாள். கம்ப்யூட்டர்தான் வாத்தியார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வருகை எண். கூப்பிட்டால்தான் பேச வேண்டும், கூப்பிடாதபோது மூச்சுவிடக் கூடாது. "ஒன்பது, உன் சூடு என்ன?" என்று கேள்வி போகும். "ஒன்பது பேசுகிறேன், அறுபத்து நான்கு" என்று பதில் வரும். பதிலின் வாலில் அதிலுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் ஒட்டிக்கொண்டு வரும். தொகை பொருந்தாவிட்டால் வழியில் எதுவோ சிதைந்திருக்கிறது என்று அர்த்தம், கம்ப்யூட்டர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்கும். கேட்பது மட்டுமல்ல, உத்தரவும் போடலாம். "ஒன்பது, பம்பைக் கொஞ்சம் வேகமாக ஓட்டு" என்றால் பெட்டி ஓட்டிவிட்டு, ஓட்டினேன் என்று சொல்லும். இப்படி இரண்டு பக்கமும் போக வரப் பேசவைக்க அவளுக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது. ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பம்ப் அவள் சொன்னபடி முதல்முறை வேகமெடுத்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். பஜாரில் கழிந்த வருடங்களின் கசப்பு அன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியது.

அவள் கம்ப்யூட்டருக்கு எழுதிய நிரல் நன்றாகத்தான் இருந்தது. கேபிள்தான் சரியில்லை. மண்ணைத் தோண்டியவர்கள் சோம்பல்பட்டு, இந்தக் கம்பியையும் மின்சாரக் கம்பியையும் ஒரே பள்ளத்தில் போட்டு மூடியிருந்தார்கள். பம்புகள் பெரிதாக ஓடத் தொடங்கினால் பதில்கள் சிதைந்து வரும். பதில் வராத பெட்டியின் சூட்டைக் காட்டும் எண் திரையில் மறைந்து அந்த இடம் சிவப்பாகிவிடும், கூடவே மணியும் அலறும். அடுத்த நொடியே பதில் வந்து பச்சையாகும். மறுபடி சிவக்கும். திரைக்கு முன்னால் உட்காரும் ஸோயா, வாட்டசாட்டமான ரஷ்யப் பெண், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே மணியைத் திட்டுவாள்.

"உன் பெட்டிகளுக்குப் பல்வலியாடி? எப்பப் பாரு கத்திக்கிட்டே இருக்கு."

"கேபிளை மாத்தினா கத்தாது ஸோயா. எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதிக் குடுத்தியா? அப்ப என் பேரன் காலத்துல மாத்திருவாங்க."

இப்படி இருக்கும்போது மாநில ஆளுநர் நிலையத்தைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. ஆளுநர் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் என்னென்ன நடக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான். நடைபாதை ஓரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாலையோரத்துப் பனிக்குவியல்களை மண்வெட்டியால் செதுக்கிச் சதுரமாக்கினார்கள். கரிக்குவியலின் முகப்பில் மட்டும் நல்ல கரியாகப் பொறுக்கி அடுக்கினார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு நிலைய மேலாளர் தாஹிர் செயிதோவிச் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலே இருப்பவர்களுக்குப் பயந்து பயந்தே வயிற்றில் புண் வந்தவர்.

"ரைஹான், அவர் வர்றப்ப திரையில ஒரு பொட்டு சிவப்பு இருக்கக் கூடாது."

"சிவப்பு வந்தா கேபிள் சரியில்லன்னு அர்த்தம். கேபிளை மாத்தினா சிவப்பு வராது."

"நாளைக்குள்ள கேபிளை மாத்த முடியுமா?"

"முடியாது."

"அப்ப சிவப்பை மாத்து."

அவள் மாற்றினாள். நாலைந்து வரிதான். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே திரையில் வைத்துக்கொள், பச்சையாகவே வைத்திரு, மணியை அடிக்காதே. வகுப்பில் வராத பையனுக்காக வாத்தியாரே "உள்ளேன்" சொல்லிக்கொள்கிற மாதிரி. வரிகளுக்கு மேலே 'தற்காலிகம்' என்று தனக்கே ஒரு குறிப்பும் போட்டுக்கொண்டாள். நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லின் ஆயுள் எவ்வளவு என்று நன்றாகத் தெரியும்.

ஆளுநர் வந்தார். திரையைப் பார்த்தார். "அடேயப்பா, ஐரோப்பா மாதிரி இருக்கே" என்றார். விருந்தில் குதிரைக்கறியும் வேகவைத்த மாவுப்பட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வரிகளை மறுவாரமே எடுத்துவிட வேண்டும் என்று ரைஹான் நினைத்தாள். ஸோயா குறுக்கே வந்தாள்.

"எடுத்தே, உன்னைக் கொன்னுருவேன். இந்த வாரந்தான் தலைவலி இல்லாம வீட்டுக்குப் போயிருக்கேன்."

மேலாளருக்கும் பச்சை பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ரைஹானுக்கும் பிடித்திருந்தது. விடுமுறை நாளில் யாரும் கூப்பிடவில்லை. கணவன் யெர்மெக்கோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. எப்படியும் ஒரு நொடி விட்டு ஒரு நொடி பதில் வந்துகொண்டுதானே இருக்கிறது, அதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு அந்தச் சமாதானத்தையும் மறந்தாள், வரிகளையும் மறந்தாள்.

கனிபா இருந்தது ஒன்பதாவது குடியிருப்பில், குழாய் போய் முடிகிற கோடியில், ஐந்தாம் மாடியில். யெர்மெக் தங்கமான மனிதன். தங்களோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ முறை அவனே போய்க் கூப்பிட்டிருக்கிறான். கனிபா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மருமகன் வீட்டுல போய் உக்காந்தா என் மாமியார் சமாதியில புரண்டு படுப்பா. எனக்கு மகன் இருக்கான்."

மகன் இருந்தான், வாஸ்தவம்தான். கடைக்குட்டி. மேற்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை. அடுத்த வருடம் வந்து அம்மாவை அழைத்துக்கொள்வதாக ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பெற்றவர்களைக் கடைசி மகன்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வழக்கம் நல்லதுதான், மகன் வந்தால்.

அந்த ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டுக்குப் போனது. மூச்சு விட்டால் இமையில் பனி ஒட்டியது. பள்ளிகளை மூடினார்கள். ஸோயாவின் போன் ஓயாமல் அடித்தது. குளிர் முற்றும்போதெல்லாம் ஊரே போன் செய்து திட்டும், அதற்கு அவளிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். அந்தக் குடியிருப்பின் எண்ணைப் பார்ப்பாள், "நாங்க அனுப்புறது சரியா இருக்கு, உங்க ரேடியேட்டர்ல காத்து அடைச்சிருக்கும், கட்டடத்து ஆளைக் கூப்பிடுங்க" என்பாள், வைத்துவிடுவாள். அன்று ஒன்பதாவது குடியிருப்பிலிருந்து வந்த போன்கள் கொஞ்சம் அதிகம். அவர்களுக்கும் அதே பதில் போனது.

கனிபாவின் போன் மட்டும் நேராக மகளுக்கு வந்தது.

"ரைஹான், ரேடியேட்டரு சில்லிட்டுக் கிடக்கு."

ரைஹான் திரையைப் பார்த்தாள். ஒன்பது, பச்சை, அறுபத்து நான்கு புள்ளி இரண்டு.

"அம்மா, உன் பக்கம் அறுபத்து நாலு டிகிரி போயிட்டிருக்கு. இந்தக் குளிர்ல அதுவே பெருசு. ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ."

"கைய வெச்சுப் பாத்துட்டுத்தான்டி சொல்றேன்."

"உன் கை என்னைக்கும்மா சூடா இருந்துச்சு?"

மதியம் மறுபடி கூப்பிட்டார். அவள் மறுபடி திரையைப் பார்த்துவிட்டு அதையே சொன்னாள். மறுநாள் காலையில் வந்த போனில் கனிபாவின் குரல் மாறியிருந்தது. கேலி இல்லை, கரிக்கணக்குக் கேட்கவில்லை.

"சன்னல் ஓரம் வெச்ச டீ மேல ஐஸ் கட்டியிருக்கு. கீழ்வீட்டுக்காரங்க பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு அவங்க மாமா வீட்டுக்குப் போயிட்டாங்க. ஹீட்டர் போட்டேன், எல்லாரும் போட்டதுல கரண்டும் போயிருச்சு. நீ ஒரு எட்டு வந்து பாரு."

அந்த நேரத்தில் மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தலைநகருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை எங்கே என்று பறந்துகொண்டிருந்தார். ஊர் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தது. அம்மாவின் புலம்பலும் அதில் ஒன்றாகத்தான் அவள் காதில் விழுந்தது. கரண்ட் போனதுதான் விஷயம், மற்றதெல்லாம் அம்மா சேர்த்துக்கொண்டது என்று நினைத்தாள். எரிச்சல் வந்தது.

"அம்மா, எண் பொய் சொல்லாது."

"அப்ப நான்தான் பொய் சொல்றேனா?"

ரைஹான் பதில் சொல்வதற்குள் போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

மதியம் போன் வரவில்லை. முதலில் அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அறிக்கையை முடித்தாள், ஸோயா கொடுத்த ரொட்டியைத் தின்றாள். பிறகு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அம்மா கோபித்துக்கொண்டுவிட்டார், சமாதானப்படுத்த ஏதாவது செய்யலாம் என்று தோன்றியது. ஒன்பதாவது பம்பைக் கொஞ்சம் வேகப்படுத்தினால் சூடு ஒன்றிரண்டு கூடும், பிறகு போன் செய்து, "பாரும்மா, உனக்காகக் கூட்டிவிட்டேன்" என்று சொல்லலாம். உத்தரவைத் தட்டினாள். ஓட்டினேன் என்ற பதில் வந்ததா என்று பாராமல், எண் ஏறுவதற்காகக் காத்திருந்தாள்.

அறுபத்து நான்கு புள்ளி இரண்டு.

மற்ற எண்களைப் பார்த்தாள். மூன்றாவது ஒரு புள்ளி ஏறியது, இறங்கியது. ஏழாவது இறங்கியது, ஏறியது. ஓடுகிற தண்ணீரின் சூடு ஒரே இடத்தில் நிற்காது, எந்த நேரமும் சின்னதாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒன்பது நடுங்கவில்லை. நேற்றுக் காலை அம்மாவிடம் சொன்னபோதும் அறுபத்து நான்கு புள்ளி இரண்டு, இன்றைக்கும் அறுபத்து நான்கு புள்ளி இரண்டு.

கம்பியில் போவதும் வருவதும் அப்படியே தெரிகிற சன்னலைத் திரையில் திறந்தாள். ஒன்பது, உன் சூடு என்ன? பதில் இல்லை. ஒன்பது, உன் சூடு என்ன? பதில் இல்லை. கேள்வி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று நிரலுக்கும் தெரியவில்லை. அதைக் குறித்துவைக்கச் சொல்லி அவள் எழுதவே இல்லை.

"ஸோயா, ஒன்பதாவது செத்துக் கிடக்கு."

ஸோயா விதையை மென்றபடி எட்டிப் பார்த்தாள். "எங்க? பச்சையாத்தானே இருக்கு?"

"பச்சை நான் போட்டது."

ஸோயாவின் வாய் மெல்வதை நிறுத்தியது. நேற்றிலிருந்து தான் எத்தனை பேருக்கு "காத்து அடைச்சிருக்கும்" என்று சொன்னோம் என்று அவள் எண்ணுவது முகத்திலேயே தெரிந்தது. போன் மறுபடி அடித்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

ரைஹான் ஃபிட்டர் போக்தானைக் கூட்டிக்கொண்டு நிலையத்து வண்டியில் ஒன்பதாவது குடியிருப்புக்குப் போனாள். பம்ப் அறையில் எங்கிருந்தோ நீர் கசிந்து பெட்டிக்குள் இறங்கி, உள்ளே எல்லாம் எரிந்துபோய் பம்பும் நின்றிருந்தது. சுவரோரக் குழாய் வெடித்து, வழிந்த தண்ணீர் அப்படியே உறைந்து நின்றது. போக்தான் குழாயில் கையை வைத்துவிட்டு எடுத்தான். "ஒரு நாளைக்கு மேல ஆயிருச்சு" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ரைஹானுக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

அவள் ஐந்து மாடியையும் ஓடி ஏறினாள். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தன்னிடம் இருந்த சாவியால் திறந்தாள். உள்ளேயும் வாயிலிருந்து புகை வந்தது. கனிபா கட்டிலில் இல்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய கம்பளத்தை ஆணியோடு பிய்த்து இழுத்து, தரையில் சுருண்டு, அதை மேலே போட்டுக்கொண்டு கிடந்தார். அந்தக் கனமான கம்பளத்தை அந்த வயதில் எப்படிக் கழற்றினாரோ தெரியாது. கண் திறந்திருந்தது. மகளைப் பார்த்தார். உதடு அசையவில்லை. "அம்மா, நான் வந்துட்டேன், நான் வந்துட்டேன்" என்று ரைஹான் அவருடைய கைகளைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கதறினாள்.

நிமோனியா. வசந்தம் பிறக்கும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஒன்பதாவது குடியிருப்பில் கனிபாவைப்போல இன்னும் பல கிழவர்கள் படுத்தார்கள். சாவு இல்லை, அது எங்கள் அதிர்ஷ்டம், யாருடைய சாமர்த்தியமும் இல்லை. விசாரணைக் குழு வந்தது. ரைஹான் நடந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் சொன்னாள். மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆளுநர் பெயர் வருகிற கதையை எந்தக் குழு கேட்கும்? "பழைய கேபிள்" என்று முடித்தார்கள். கேபிளை மாற்ற உடனே உத்தரவு வந்தது. அத்தனை வருடம் எழுதிக் கொடுத்தபோது வராத உத்தரவு.

ரைஹான் அந்த வரிகளைக் குழு வருவதற்கு முன்பே அழித்துவிட்டிருந்தாள். இப்போது ஒரு பெட்டி பதில் சொல்லாவிட்டால் அதன் எண் திரையிலிருந்து போய்விடும், கடைசியாக எப்போது பேசியது என்பது மட்டும் நிற்கும், மணியும் அடிக்கும். மணி அடித்தால் ஸோயா திட்டுவதில்லை. எழுந்து நின்றுவிடுவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கனிபா நேராகத் தன் வீட்டுக்கே போனார். யெர்மெக் அவருடைய துணிமூட்டையைப் பிடுங்கி வண்டியில் வைத்துப் பார்த்தான், அவர் இறக்கிவைத்துவிட்டார். மகளிடம் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருந்தார். அடுத்த குளிர்காலம் வந்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. அவரிடமிருந்து போன் வரவில்லை.

இப்போது ரைஹான்தான் கூப்பிட்டாள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை.

"அம்மா, வீடு சூடா இருக்கா?"

"இருக்கும்மா. நல்லா இருக்கு."

"ரேடியேட்டர்?"

"நல்லா இருக்கு."

முதலில் சந்தோஷமாக இருந்தது. புதுக் கேபிள், புது பம்ப், அம்மாவே குறை சொல்லவில்லையே என்று ஸோயாவிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள். "கனிபாவா? குறை சொல்லலியா?" என்று ஸோயா நம்பாமல் பார்த்தாள். குளிர் இருபதுக்குப் போனது. "நல்லா இருக்கு." முப்பதுக்குப் போனது. "நல்லா இருக்கு." பனிப்புயலில் பாதி ஊர் போன் செய்து திட்டிய நாளிலும் அதே இரண்டு சொல், அதே குரல்.

அன்றைக்குத் திரையில் ஒன்பது அறுபத்தாறில் இருந்தது. ஏறி இறங்கி நடுங்கிக்கொண்டும் இருந்தது. பதில் வரும் சன்னலையும் திறந்து பார்த்தாள். கேள்வி போனது, பதில் வந்தது, தொகை பொருந்தியது. எந்தக் குறையும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். "நல்லா இருக்கு" என்றார். போனை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, இந்தமுறை அசையாமல் நிற்பது அம்மாவின் பதில். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, மேலாளரிடம் சொல்லாமல் கிளம்பிப் போனாள்.

கனிபா கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளேயே கம்பளி பூட்ஸ், இரண்டு ஸ்வெட்டர், மேலே சால்வை. ரைஹான் நேராகப் போய் ரேடியேட்டரில் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அது இருக்கும் கொஞ்ச நாளா. காத்து அடைச்சிருக்காம், கீழ்வீட்டுக்காரி சொன்னா. ஆள் வரணும்."

"நான் தினமும் கேட்டேனேம்மா. நல்லா இருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏம்மா?"

கனிபா யோசிக்கவே இல்லை. சண்டைக்கு நிற்கிற குரலும் இல்லை.

"குளிருதுன்னு சொன்னா நீ அந்த மெஷின்கிட்டத்தானே கேப்ப. அது நல்லா இருக்குன்னு சொல்லும். அதையே நான் சொல்லிட்டுப் போறேன். உனக்கும் ஒரு வேலை மிச்சம்."

திரையில் இருந்த எண் இன்றைக்கு உண்மை என்று சொல்லலாம், கட்டடத்துக்குள் வந்த பிறகு குழாயில் அடைத்த காற்று அதற்குத் தெரியாது என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது மறுபடி மெஷினுக்குப் பரிந்து பேசுவதாகத்தான் போய் முடியும். ரைஹான் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணமும் கத்தியும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். ரேடியேட்டரின் கோடியில் இருந்த சின்னத் திருகைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. வெகுநேரம் வெறும் காற்றுதான் வந்தது. கனிபா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வந்தது. முதலில் துருவும் குளிருமாக, அப்புறம் வெதுவெதுப்பாக, அப்புறம் கை சுடும் அளவுக்கு. ரைஹான் திருகை மூடினாள். இரும்பில் சூடு பரவி ஏறுவதைக் கையால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வந்துருச்சும்மா. சூடு வந்துருச்சு. தொட்டுப் பாரேன்."

கனிபா தொடவில்லை.

"நீ சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு, சால்வையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டு டீ போடப் போனார்.